ஆடிச் சீருக்கு ஒரு போர் விமானம்

அனுப்புநர்: சு. குத்தாலிங்கம், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர், தென்காசி.
பெறுநர்: திரு. காந்திமதிநாதன், ஷார்ஜா.
நாள்: ஆடி 5.
பொருள்: மாப்பிள்ளைக்குத் தலை ஆடிச் சீர் கொடுத்து வெற்றி பெற்றது தெரிவித்தல் தொடர்பாக.

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனர் காந்திமதிநாதன் அவர்களுக்கு, தங்கள் அத்தான் குத்தாலிங்கம் ஆசிகளுடன் எழுதியது. இவ்விடத்தில் நானும், தங்கள் அக்காள் நிர்மலாதேவியும், ஆடிக்கு வந்திருக்கும் மகள் மஞ்சுவும், மூன்று நாளாகக் காயாமல் கொடியில் தொங்கும் என் வேட்டிகளும் சௌக்கியம். சாரல் விடாமல் அடிக்கிறது, குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த வெயிலில் தங்கள் உடம்புக்கும் தங்கள் அறையின் ஏசிக்கும் ஒரு குறையும் வராமல் காசி விசுவநாதர் பார்த்துக்கொள்வாராக.

நிற்க. இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து ஆறு பக்கம் கைப்படக் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். வாட்ஸப்பில் எழுதினால் தங்கள் அக்காள் என் போனை எடுத்துப் படிப்பாள், படித்ததைக் குடும்பக் குழுவில் போடுவாள், பிறகு மதுரையிலிருந்து மும்பை வரை ஆளாளுக்கு எனக்கு யோசனை சொல்வார்கள். ஆகவே தாங்கள் கொடுத்தனுப்பிய பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்த கடையநல்லூர் முகம்மது சலீம் பாய் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறாரே, அவர் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன். தாங்கள் பாவம், அத்தான் ஒரு விமானப் பெட்டி கேட்டார் என்றதும் எதற்கு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினீர்கள். ஒன்றுமே தெரியாமல் இவ்வளவு பெரிய உதவி செய்தவருக்கு முழு விவரமும் சொல்வது என் கடமை. தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

தை மாதம் மஞ்சு கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. நீ வந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாய். மாப்பிள்ளை அழைப்பு அன்று, கடையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை குமரகுருவைப் பூ அலங்காரம் செய்த காரில் உட்காரவைத்து, முன்னால் மேளம் போக, ரத வீதியில் ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். கார் எனக்கு எதிரே வந்தது. பார்த்தால் முன்பக்க நம்பர் பிளேட்டை ஒரு முழச் சம்பங்கிச் சரம் மூடிக்கொண்டு கிடக்கிறது. முப்பத்துமூன்று வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்த கை, காந்தி, அது நான் சொல்வதைக் கேட்காது, தானாக எழுந்து காரை நிறுத்திவிட்டது. மேளம் நின்றது, நாயனம் நின்றது, நான் பூவை அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்த்தார்கள், அதோடு விட்டிருக்கலாம், பின்னால் போய்ப் பார்த்தேன், அங்கே மணமக்கள் பெயரைத் தெர்மகோலில் வெட்டி நம்பருக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள், அதைப் பிய்த்து எடுக்க இன்னும் பத்து நிமிடம். அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகக் கையில் பூச்செண்டை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கண்ணாடியை இறக்கி, "லைசென்ஸ் காட்டணுமா சார்?" என்று கேட்டார்.

சார்! மாமா இல்லை, சார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது ஆறு மாதமாகப் போகவே இல்லை. போன் பண்ணினால் "நல்லா இருக்கோம் சார்", விருந்துக்கு வந்தால் "போதும் சார்", சித்திரைப் பிறப்புக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுத்தால் "எதுக்கு சார் சிரமம்". கோயம்புத்தூரில் வங்கி உத்தியோகம், தங்கமான குணம், மற்ற எல்லாரையும் வாய் நிறைய முறை சொல்லிக் கூப்பிடுகிறார், உன் அக்காளை "அத்தை, அத்தை" என்று தலையில் தாங்குகிறார், என்னைப் பார்த்தால் மட்டும் செக்போஸ்ட்டில் நிற்கிற முகம். உன் அக்காள் ஒரு நாள் அடுப்படியில் நின்றே அழுதாள். "ஊர்ல எந்த மருமகனாவது மாமனாரை சாருங்கானா? ஒரே பிள்ளையக் கட்டிக் கொடுத்துட்டு இப்படி ஆபீசரா நிக்கீகளே" என்றாள். எனக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

இந்த நேரத்தில்தான் ஆனி மாதம் மஞ்சு போன் பண்ணினாள். "அப்பா, தலை ஆடிக்கு மோதிரம், வாட்ச்லாம் வாங்கிராதீக. அவுகளுக்கு பிளாஸ்டிக்ல விமானம் செஞ்சு ஒட்டுறதுன்னா உசுரு. பழைய போர் விமானம், பெரிய சைஸு, முப்பத்தி ரெண்டுல ஒண்ணு. ஷார்ஜா மாமாகிட்ட கேட்டா கிடைக்கும்ப்பா" என்றாள். மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு ஆசை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். எனக்குள் ஒரு எஞ்சின் ஸ்டார்ட் ஆனது என்றே சொல்ல வேண்டும். வண்டி விஷயமாக ஏற்பட்ட மனஸ்தாபத்தை வண்டி விஷயமாகவே தீர்க்கக் கடவுள் ஒரு வழி காட்டுகிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது. உன் அக்காள்தான் முதல் முட்டுக்கட்டை போட்டாள். "எழுவத்தி ரெண்டுன்னும் ஒண்ணு இருக்காம்லா? அது இருக்கும்போது முப்பத்தி ரெண்டைக் கொடுத்தா கடையத்துல என்ன பேசுவாக?" என்றாள். முப்பத்திரண்டில் ஒன்று என்றால் நிஜ விமானத்தை முப்பத்திரண்டாகப் பங்கு வைத்ததில் ஒரு பங்கு, பங்கு கூடினால் துண்டு சின்னதாகிவிடும் என்று தோசையைப் பிய்த்துக் காட்டி விளக்கினேன். இரண்டு தோசை வீணானது.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் நான் சும்மா பார்க்கவில்லை. எஃப்.சி.க்கு வந்த வண்டியைப் பார்ப்பது போல, ஒவ்வொன்றைப் பற்றியும் தேடிப் படித்து, நோட்டில் குறித்து, மூன்று நாள் ஆய்வு செய்தேன். முதலில் ஸ்பிட்ஃபயர். லட்சணமான வண்டி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தரையில் ஓடும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம், ஓட்டுகிறவருக்கு எதிரே ஒன்றும் தெரியாதாம், வளைத்து வளைத்து ஓட்டிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் போக வேண்டுமாம். என் காலத்தில் இப்படி ஒரு வண்டி புளியரை செக்போஸ்ட்டுக்கு வந்திருந்தால் அங்கேயே சாவியைப் பிடுங்கியிருப்பேன். அடுத்தது மஸ்டாங். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னாலேயே ஒரு பெட்ரோல் டேங்க். அது நிறைந்திருந்தால் வண்டி நேராகப் போகாமல் அலைபாயுமாம். இதைக் கட்டியவருக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவது மஸ்கிட்டோ. இரண்டு எஞ்சின், நல்ல உறுதியான அமைப்பு, ஆனால் பெயர் கொசு. ஊரெல்லாம் புகை அடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மஞ்சள் குங்குமத்தோடு கொசுவை எப்படித் தட்டில் வைப்பது என்று தயங்கினேன்.

நடுவில் மஞ்சு வேறு தினமும் போன். "அப்பா, மஸ்கிட்டோவையே பாருங்களேன். அதுல ரெண்டு எஞ்சினையும் திறந்து காட்டலாம், உள்ள ஒவ்வொரு குழாயும் தனியா இருக்கும்" என்றாள். நான் ஒரு அதட்டல் போட்டேன். "நீ சும்மா இரும்மா. எஞ்சின், குழாய் எல்லாம் ஆம்பளைக சமாச்சாரம். மாப்பிள்ளைக்கு எது பொருந்தும்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். புருஷனுக்காக இவள் எவ்வளவு பாடம் படித்து வைத்திருக்கிறாள் என்று பெருமையாகவும் இருந்தது.

தீர்ப்பைச் சொன்னது கடைசியில் உன் அக்காள்தான். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுல எத்தன பேரு உக்காரலாம்?" என்றாள். ஒருவர்தான் என்றேன். "ஒத்தை சீட்டா! கல்யாணமாகி ஆறு மாசம், புருஷன் பொஞ்சாதிய ஆடிக்குப் பிரிச்சு வைக்கதே பாவமா இருக்கு, சீருலயும் ஒத்தையாக் கொடுத்தா விளங்குமா? ஒத்தையாப் போற எதையும் தட்டுல வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டாள். சாஸ்திரம் இப்படிக் குறுக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. மஸ்கிட்டோ படத்தை மறுபடி எடுத்தேன். இரண்டு சீட்டு, பக்கத்தில் பக்கத்தில்! ஓட்டுகிறவர் இடதுபக்கம், வழி சொல்கிறவர் வலதுபக்கம், மணவறையில் உட்கார்ந்த மாதிரி. ஏறி இறங்கக் கதவு கிளீனர் பக்கம். அதைவிட ஒரு விசேஷம், நிஜ விமானத்தின் உடம்பு மரமாம். மர பாடி லாரி எத்தனையோ பார்த்தவன் நான், என் மனது அதில் விழுந்துவிட்டது. பர்மா பக்கத்து ஈரத்தில் சில விமானங்களுக்குப் பசை விட்டுப்போனது என்று படித்ததும், நம் குற்றாலச் சாரலுக்கு இது தாங்குமா என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். நம்முடையது பிளாஸ்டிக் என்று நினைவு வந்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது. முடிவு செய்து உனக்குத் தகவல் அனுப்பிவிட்டு மஞ்சுவைப் போனில் கூப்பிட்டு, "உனக்கு ஒண்ணும் தெரியல, நானே ஆராய்ஞ்சு மஸ்கிட்டோவை எடுத்திருக்கேன்" என்றேன். "அப்படியாப்பா? ரொம்ப சந்தோசம்ப்பா" என்றாள்.

சலீம் பாய் அந்தப் பெட்டியை விமானத்தில் மடியிலும், திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் தோளிலும் வைத்துக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, எம் பிள்ளையளக்கூட இப்படித் தூக்குனதில்ல" என்று சொல்லி இறக்கிவைத்தார். பொருளை ஒப்புக்கொள்ளும்போது சரிபார்ப்பது முறை, ஆகவே கூடத்தில் பாய் விரித்து, பெட்டியைத் திறந்து, சட்டம் சட்டமாகக் கோத்துக் கிடந்த துண்டுகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அன்றுதான் மஞ்சு ஆடிக்கு வந்து இறங்கினாள். வாசலில் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "அப்பா, கண்ணாடித் துண்டைத் தொடாதீக! விரல் பட்டா ரேகை விழுந்துரும்! அந்தப் பையப் பிரிக்காதீக!" என்று கத்தினாள். எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. புருஷன் பொருள் மேல் அவ்வளவு கரிசனம்.

ஆடி ஒன்று. மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாளும் கடையத்திலிருந்து வந்தார்கள். பதினொரு தட்டு. பழம், வெற்றிலை, வேட்டி சட்டை, சேலை, இனிப்பு என்று வரிசையாக வைத்து, நடுவில் அந்தப் பெட்டி. எந்தத் தட்டிலும் அடங்காததால் பந்தியில் சோறு கொட்டுகிற பெரிய தாம்பாளத்தில் ஏற்றினோம். உன் அக்காள் அட்டையில் இருந்த விமானத்தின் இரண்டு எஞ்சினுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். சம்பந்தி அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்து, "இது என்ன பிளேனு சம்பந்தி? பேரு என்னது?" என்று கேட்டார்கள். முப்பத்துமூன்று வருடத்தில் எந்த மேலதிகாரி கேள்விக்கும் நான் திணறியதில்லை. அன்று திணறினேன். வாய் வரைக்கும் வந்த கொசு வெளியே வரவில்லை. உன் அக்காள் முறைக்கிறாள், மஞ்சு தரையைப் பார்க்கிறாள். அப்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "மஸ்கிட்டோம்மா. மரத்துல செஞ்சது. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து போலாம்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு நம்பர் பிளேட்டை எங்கன ஒட்டணும்னு நீங்கதான் சொல்லணும் மாமா" என்றார்.

காந்தி, மாமா என்றார்! அத்தனை பேரும் கேட்க, தெளிவாக, மாமா என்றார்! ஒரு நிமிடம் யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன், பிறகு மாப்பிள்ளை, பிறகு சம்பந்தி அம்மாள், "அன்னைக்கு எம் மவன நடுரோட்டுல நிறுத்துனீகள்லா சம்பந்தி" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வாலுக்குப் பக்கத்தில், இரண்டு புறமும், மறைக்காமல் ஒட்ட வேண்டும் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னேன். சாப்பாடு முடிந்து ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் கூடுதலாக விழுந்து போலீஸ் விசில் அடித்தபோது மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "மாமா, வழுக்கும், மெதுவா வாங்க" என்று கூட்டிவந்தார். அருவித் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்ததால் என் கண்ணீர் யாருக்கும் தெரியவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். "பஸ்ல நசுங்கிரும் மாமா, ஆடி முடியுற வரைக்கும் மஞ்சுகிட்டயே இருக்கட்டும்" என்றார். ஆசைப்பட்ட பொருளைக்கூடப் பெண்டாட்டியிடம் விட்டுப் போகிற மனது யாருக்கு வரும்?

ஆக, மூன்று விமானத்தில் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுத்தது என் அனுபவம், என் ஆய்வு, என் முடிவு. ஒரு தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு மோதிரம் வாங்கிப் போட்டிருந்தால் இந்த மாமா கிடைத்திருக்குமா? நம் குடும்பத்தில் யாருக்காவது இனி எந்த வாகனம் வாங்குவதானாலும், அது ஓடுவதோ பறப்பதோ ஒட்டுவதோ, என்னைக் கலந்துகொள்ளாமல் வாங்க வேண்டாம் என்று எல்லாருக்கும் தெரிவிக்கவும். உனக்கும் உன் வீட்டாருக்கும் தீர்க்காயுளும், தடையில்லாத லீவும், எந்த ஊருக்குப் போனாலும் ஜன்னலோரச் சீட்டும் அமைய ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மாமா என்று அழைக்கப்படும்
சு. குத்தாலிங்கம்

பின்குறிப்பு: ஆடி 6, காலை பத்தரை மணி. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். சலீம் பாய் வாங்கிப்போக வருவதற்குள் காற்று அடித்து என் வேட்டி ஒன்று பக்கத்து வீட்டு முருங்கைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கொடியில் ஒரு கிளிப்கூட இல்லை. தேடிக்கொண்டு மாடி அறைக்குப் போனேன். பதினெட்டுக் கிளிப்பும் அங்கே ஒரு விமான இறக்கையைக் கவ்விக்கொண்டு இருந்தன. மஞ்சு தரையில் சம்மணம் போட்டு, நகவெட்டியால் துண்டுகளை நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உன் அக்காள், என் மனைவி, தலைமுடி காயவைக்கிற மெஷினைப் பிடித்து பெயின்ட்டுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு எஞ்சின் முடிந்தேவிட்டது. ஒவ்வொரு குழாயும் தனியாகத் தெரிகிறது. முப்பத்துமூன்று வருடத்தில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்கு விமானத்தில் ஒன்றும் தெரியாதாம். பெயின்ட் வாசனையே அவருக்குத் தலைவலியாம். மரம், இரண்டு சீட்டு என்று அவர் பேசியது மஞ்சு போனில் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்தது. ஒற்றை சீட்டு ஆகாது என்று உன் அக்காள் சொன்ன சாஸ்திரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை, அதுவும் மஞ்சு சொல்லிக்கொடுத்ததுதான். "மாமான்னு கூப்பிட்டதும் நீ சொல்லிக் கொடுத்ததுதானா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "இல்லப்பா, அது அவுகளா சொன்னது. நம்பர் பிளேட்டும் அவுகதான். எனக்கே தெரியாது" என்றாள். அது போதும். பிறகு பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்து காட்டினாள். உள்ளே சின்னதும் பெரியதுமாகப் பதினொரு விமானம். கல்லூரிக் காலத்திலிருந்து வருடத்துக்கு இரண்டாகச் சாக்லேட் டின் என்ற பெயரில் சலீம் பாய் கையில் அனுப்பியவன் நீ! ஒன்றும் தெரியாதவனுக்கு விளக்குகிறேன் என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். படித்துச் சிரி.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?" என்றேன். மஞ்சு உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "கேட்டா வாங்கித் தருவீகளாப்பா?" என்றாள். நான் எந்தச் சோதனை அறிக்கையிலும் பொய் எழுதியதில்லை. தரமாட்டேன் என்று சொன்னேன். "அதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிடுகிறேன். நீ அந்த ஸ்பிட்ஃபயரை வாங்கி அனுப்பு. ஒற்றை சீட்டாக இருந்தால் இருக்கட்டும், எதிரே ரோடு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் ஓட்டிக்கொள்வாள். பெட்டியின் மேல் பெறுநர் மஞ்சு என்று போடு. அனுப்புநர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிடாதே. பதினொன்றுக்கு உன் பெயர் போதும். இதற்கு என் பெயரைப் போடு.